நைட்ரஜன் தொட்டியில் ஒரு பை

நான் முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நீங்களாகக் கண்டுபிடித்து, இதை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தவியல் ஆய்வகத்தில், தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தில் சேர்ந்து, தலைமுடியே இல்லாத காலத்தில் ஓய்வு பெற்றவன் நான். இடைப்பட்ட காலத்தில் பாதிக்கு மேல், ஆய்வகத்தைச் சுற்றிப் பார்க்க வந்த கல்லூரிப் பிள்ளைகள், நோயாளிகளின் சொந்தக்காரர்கள், ஒரு முறை மின்விசிறியைப் பழுது பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன் உட்பட எல்லோரையும் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார வைத்து, "அந்தா, நட்ட நடுவுல உருண்டையா நீலமா ஒண்ணு தெரியுது பாருங்க, அதுதான் ஸ்டெம் செல். ஒடம்புல ஓடற அத்தன ரத்தத்துக்கும் அதுதான் ஆத்தா" என்று காட்டியிருக்கிறேன். எலெக்ட்ரீஷியன் கைகூப்பிக் கும்பிட்டே விட்டார்.

அது ஸ்டெம் செல் இல்லை. லிம்போசைட் என்கிற சாதாரண வெள்ளையணு. யார் ரத்தத்தை எடுத்தாலும் அதில் கொட்டிக் கிடக்கும். ரத்தத்தை உண்டாக்குகிற ஸ்டெம் செல்லுக்குத் தனியாக ஒரு முகமே கிடையாது. ஆயிரக்கணக்கான செல்களுக்குள் ஒன்றாக ஒளிந்திருக்கும். சாயம் போட்டுப் பார்த்தால் அதுவும் லிம்போசைட் மாதிரியேதான் தெரியும். அதன் மேல்தோலில் ஒட்டியிருக்கிற ஒரு புரதத்தை வைத்து, இயந்திரத்தில் லேசர் ஒளியைப் பாய்ச்சித்தான் அடையாளம் காண முடியும். எங்கள் துறைத் தலைவர் டாக்டர் சுகந்தி ஒரு நாள் என் பின்னால் நின்று என் பிரசங்கத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, "மாணிக்கம், இத்தன வருஷமா வாட்ச்மேனைக் காட்டி முதலாளின்னு சொல்லிட்டிருக்கீங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த எலெக்ட்ரீஷியனை மட்டும் இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன், கும்பிட்டதைத் திருப்பிக் கொடுப்பதற்கு.

இப்போது அங்கே ஸ்லைடை ஒரு பெட்டிக்குள் வைத்தால் கம்ப்யூட்டரே படம் பிடித்து, இது இன்ன செல் என்று எழுதிவிடுகிறது. அது எலெக்ட்ரீஷியன்களை ஏமாற்றுவதில்லை. அந்தப் பெட்டி வந்த சந்தோஷத்தில், எங்கள் டெக்னீஷியன்கள் போடுகிற ஆண்டு மலருக்கு, "ஏதாச்சும் எழுதுங்கண்ணா, நீங்க எழுதுனா ஜாலியா இருக்கும்" என்று இளையவர்கள் கேட்டார்கள். ஜாலியாகத்தான் ஆரம்பித்திருக்கிறேன். கடைசி வரை தாக்குப்பிடிக்குமா தெரியவில்லை.

படித்த கதை சுருக்கமானது. இளம்பிள்ளையில் எங்கள் வீட்டில் தறி ஓடியது. பாவில் ஓர் இழை அறுந்தால் எங்கே என்று கண்டுபிடிக்கிற கண் எனக்கு இருப்பதாக அப்பா நம்பினார். அது பொய் என்று தெரிந்ததும் டிப்ளமோ படிக்க அனுப்பிவிட்டார். படித்தேன், சேர்ந்தேன், ரத்தம் எடுக்கும்போது இரண்டு முறை மயங்கி விழுந்தேன். விழுந்தது நோயாளி இல்லை, நான். பிறகு பழகிவிட்டது.

டாக்டர் சுகந்தி வந்த பிறகுதான் எனக்கு வேலை என்றால் என்ன என்று தெரிந்தது. எலும்பு மஜ்ஜை எடுப்பதை அவர் செய்து நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கச் சொல்வார். இடுப்பெலும்பின் பின்மேட்டில் வெறும் உள்ளங்கையை வைப்பார். வைத்துக்கொண்டு, "காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பார். இட்லி என்றால் எத்தனை, என்ன சட்னி என்று போகும். அந்த இடம் சூடாகிற வரை கையை எடுக்க மாட்டார். அதற்குப் பிறகுதான் கையைக் கழுவி, உறை மாட்டி, மரப்பு ஊசி. அதன் பிறகு பெரிய ஊசியைத் திருகித் திருகி உள்ளே இறக்குவார். எலும்பின் மேலோட்டைத் தாண்டியதும் கைக்கு ஒரு தளர்ச்சி தெரியுமாம். அந்த நேரத்தில் அவர் முகம், கிணற்றில் வாளி தண்ணீரைத் தொட்டுவிட்டதா என்று கேட்கிற ஆளின் முகம் மாதிரி இருக்கும்.

பக்கத்தில் நிற்கிற நாங்கள் யாரும் "வலிக்காது" என்று சொல்லக் கூடாது. நான் ஒரு முறை சொன்னேன். "பொய் சொல்றதா இருந்தா வெளிய போய்ச் சொல்லுங்க" என்றார். உறிஞ்சும்போது உண்மையிலேயே உயிர் போகிற மாதிரி வலிக்கும். மரப்பு மருந்து அதற்கு எட்டாது. அவர் நேராகச் சொல்வார்: "இப்ப வலிக்கும். நான் மூணு எண்றதுக்குள்ள முடிஞ்சிரும்." எண்ணுவார். மூன்றுக்குள் முடிந்திருக்கும். அந்த மூன்றை நம்பியே எத்தனையோ பேர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள்.

அடுத்தது என் வேலை. மஜ்ஜை கண்ணெதிரே உறைந்துவிடும். ஸ்லைடில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்தால் ரத்தம் வழிந்து ஓடி, ரவை மாதிரி சின்னச் சின்னக் குருணைகள் மட்டும் கண்ணாடியில் நிற்கும். அந்தக் குருணைதான் மஜ்ஜை. இன்னொரு ஸ்லைடால் அதை இழுத்துப் பரத்த வேண்டும். அழுத்தினால் செல் நசுங்கும், அழுத்தாவிட்டால் அப்பிக் கிடக்கும். பரத்தியதை நீட்டினால் டாக்டர் பார்த்துவிட்டு "ம்" என்பார். நல்லா இருக்கிறது என்பதற்கும் அதே "ம்"தான், நாசமாக்கிவிட்டீர்கள் என்பதற்கும் அதே "ம்"தான். வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்குச் சில வருடங்கள் ஆயின.

எனக்கு இன்னொரு உபவேலையும் இருந்தது. அது யாரும் கொடுத்ததில்லை, நானே எடுத்துக்கொண்டது. டாக்டர் சொன்னதை நோயாளியின் வீட்டாருக்கு அவரவர் தொழில் பாஷையில் எடுத்துச் சொல்வது. லாரிக்காரர் வந்தால் ஸ்டெம் செல்லை எஞ்சின் ஆக்குவேன். போர் போடுகிற ரிக் வண்டிக்காரர் வந்தால் ஊற்று. நெசவுக்காரர் வந்தால் பாவு. எல்லோரும் தலையாட்டுவார்கள். புரிந்துவிட்டது என்று நானும் தலையாட்டுவேன்.

தங்கவேல் வந்தபோது எனக்குக் கோழி கிடைத்தது.

நாமக்கல்லுக்கு மேற்கே அவருக்கும் அவர் அண்ணன் ராமசாமிக்கும் சேர்ந்தாற்போல் கோழிப்பண்ணை. தங்கவேலுக்கு ஐம்பதை நெருங்குகிற வயது. ரத்தப் புற்றுநோய். மருந்து கொடுத்து நோயை அடக்கியாகிவிட்டது. ஆனால் அடங்கிய நோய் திரும்பி வருகிற ரகம் அது. திரும்புவதற்குள் வேறொருவருடைய ஸ்டெம் செல்லை உள்ளே வைக்க வேண்டும். ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்குத்தான் பொருந்துகிற வாய்ப்பு அதிகம் என்பதால் அண்ணனுக்கும் தங்கைக்கும் பரிசோதனை செய்தோம். இரண்டு பேருக்குமே பொருந்தியது. இப்படி அமைவது அபூர்வம். நான் லாட்டரி விழுந்த மாதிரி குதித்தேன்.

டாக்டரின் அறையில் தங்கவேலும் ராமசாமியும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். ராமசாமி அறுபதைத் தாண்டியவர். வெள்ளை வேட்டி, விறைப்பான முதுகு. தங்கை சரசு கதவோரம் ஒரு ஸ்டூலில், மடியில் வயர்கூடை. நாற்பதைத் தாண்டியவர். வாழப்பாடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

டாக்டர் அண்ணன்களைத் தாண்டி அவரைப் பார்த்துக் கேட்டார். "எத்தன தடவ கர்ப்பம் ஆகியிருக்கீங்கம்மா? கலைஞ்சு போனதையும் சேத்துச் சொல்லுங்க."

 ராமசாமி தொண்டையைக் கனைத்தார்.

"ஒண்ணுமில்லீங்க" என்றார் சரசு, கூடையைப் பார்த்துக்கொண்டு.

"நல்லது" என்றார் டாக்டர்.

கர்ப்பமான பெண்ணின் உடம்பு, வயிற்றில் இருந்த பிள்ளையின் செல்களைப் பார்த்துப் பழகிச் சில எதிர்ப்புகளைக் கற்று வைத்திருக்கும். அவளிடமிருந்து எடுத்து ஆணுக்கு வைத்தால் தொந்தரவு கூடலாம். அந்தக் கணக்கில்தான் அவர் நல்லது என்றது. ஆனால் சரசு தலையை நிமிர்த்தி டாக்டரைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அந்த விஷயத்தை நல்லது என்று ஒருவர் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் முறையாக இருக்க வேண்டும்.

"என்னோட தேர்வு இவங்கதான். வயசு கம்மி, ரத்தமும் சுத்தமா இருக்கு. பெரியவருக்குச் சிவப்பணு கொஞ்சம் பெருசா இருக்கு, எனக்கு அது பிடிக்கல" என்று டாக்டர் சொல்லிவிட்டு, வார்டில் யாரோ கூப்பிட எழுந்து போனார். போகிற போக்கில் என்னிடம், "விவரமாச் சொல்லுங்க, மாணிக்கம்" என்றார்.

அண்ணன் தம்பி இருவரும் ஆய்வக வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் டீ வாங்கி வரச் சரசு கேன்டீனுக்குப் போனார். நான் ஆரம்பித்தேன்.

"உங்களுக்குத் தெரியாததா, சாமி? முட்டைப் பண்ணை வேற, பேரண்ட் பண்ணை வேற. லாரில ஏறிப் போற முட்டையத்தான் ஊரு பாக்குது. அந்த முட்டைக்கோழிக்குத் தாய்க்கோழி எங்கியோ தனியாப் பூட்டி, ஒருத்தரும் உள்ள போகாம வெச்சிருப்பாங்க. எலும்புக்குள்ள இருக்கற ஸ்டெம் செல்லும் அப்படித்தான். அது பாட்டுக்குத் தூங்கிட்டுக் கெடக்கும். ரத்தம் கொறையறப்ப ஒண்ணு ரெண்டு முழிக்கும். ஒண்ணு ரெண்டாகும். அதுல ஒண்ணு தாயாவே நிக்கும், இன்னொண்ணு பெருகிப் பெருகிச் சிவப்பணு, வெள்ளையணு எல்லாமாவும் மாறும். உங்க தம்பிக்குப் பேரண்ட் பண்ணையே கெட்டுப்போச்சுங்க. அதக் காலி பண்ணிட்டு, தங்கச்சி பண்ணைலருந்து தாய்க்கோழி கொண்டாந்து உடறோம்."

நான் பேசியதிலேயே சிறந்த பேச்சு அது. ராமசாமி கவனமாகக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்:

"முட்ட போடாத கோழியப் பேரண்ட் பண்ணைல யாருங்க வெப்பாங்க? அவ ஊட்லயே ஒண்ணும் வெளங்கல. இவன் எலும்புல வந்து வெளங்கீருமாக்கும்?"

சரசு டீத் தட்டோடு என் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.  பிறகு முதல் கிளாஸை எடுத்து ராமசாமியிடம் நீட்டினார்.

"சக்கர கம்மியாப் போடச் சொன்னனுங்ண்ணா."

எனக்கும் ஒரு கிளாஸ் கொடுத்தார். வாழ்நாளில் வாய் மூடாத எனக்கு அன்றைக்கு அந்த டீதான் வாயை மூடியது.

மறுநாள் டாக்டர் கேட்டபோது சரசுவை ஏற்கெனவே வாழப்பாடி பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். டாக்டரிடம் ராமசாமி சொன்ன காரணம் வேறு.

"பொறந்தவகிட்டக் கை நீட்டற பழக்கம் எங்க ஊட்ல இல்லீங்கம்மா. நாங்க சீர் குடுக்கறவிங்க. வாங்கறவிங்க இல்ல. மூத்தவன் நான் குத்துக்கல்லாட்ட இருக்கறப்ப, கட்டிக்குடுத்த புள்ளகிட்டப் போயி நிக்கறதுங்களா?"

"இது சீர் இல்லீங்க. உங்க தம்பி உயிரு" என்றார் டாக்டர்.

"அதுக்குத்தானுங்க நான் தாரேங்கறேன்."

டாக்டர் தங்கவேலைப் பார்த்தார். மொட்டைத் தலையில் தொப்பி போட்டிருந்த தங்கவேல் அண்ணனைப் பார்த்தார். "அண்ணன் சொன்னாச் சரிதானுங்க" என்றார்.

டாக்டருக்குச் சொன்ன காரணம் சீர். எனக்குச் சொன்ன காரணம் கோழி. அவர்கள் போன பிறகு கோழி விஷயத்தை டாக்டரிடம் சொன்னேன். நெடுநேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். "நீங்க ஏன் கோழிய இழுத்தீங்க?" என்றார்.  அன்றிலிருந்து யாருக்கும் நான் எதையும் எதனோடும் ஒப்பிட்டுச் சொன்னதில்லை. நோயாளிகளின் வீட்டாருக்கு அதற்குப் பிறகு ஒன்றும் புரியாமல் போயிருக்கலாம். நல்லதுதான்.

சரசுவிடம் நேரில் கேட்டுவிடலாம் என்று டாக்டர் நினைத்தார். கோப்பைப் புரட்டினால், சரசுவின் பெயருக்கு எதிரே எழுதியிருந்ததும் ராமசாமியின் செல்போன் எண்தான். "உங்க வீடு அயோத்தியாப்பட்டணம்தானே? வாழப்பாடி அந்த வழிலதானே இருக்கு?" என்று என்னைக் கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லி முடிப்பதற்குள் அவரே தலையை ஆட்டினார். "வேணாம். ஆஸ்பத்திரி ஆளு வீடு தேடிப் போயி நின்னா, கேட்ட மாதிரி இருக்காது. மிரட்டுன மாதிரி இருக்கும். விதி அப்படி." அந்த விதி நல்ல விதிதான். கொடுப்பவரை யாரும் வற்புறுத்தக் கூடாது என்பதற்காக வைத்தது. அன்றைக்கு அது செய்த வேலை, கொடுக்க நினைத்தவரை யாரும் கேட்காமல் விட்டது.

சண்டை போடுகிற நேரத்தில் நோய் திரும்பிவிடும் என்று டாக்டர் பெரியவரிடமே எடுக்கச் சம்மதித்தார்.

வயதானால் ஸ்டெம் செல் தீர்ந்துபோவதில்லை. ஆள் எண்ணிக்கை இருக்கும், சில பேருக்குக் கூடவும் இருக்கும். வேலைதான் நடக்காது. எழுப்பினால் எழுந்திருக்காது. எழுந்தாலும் ஒரே மாதிரி அணுக்களையே செய்துகொண்டிருக்கும். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. பல்லாயிரம் ஸ்டெம் செல்கள் மாறி மாறிச் செய்த வேலையை, வயதாக ஆக, எங்கோ ஒரு சின்ன மாற்றம் வாங்கிய ஒரே ஒரு செல்லின் வாரிசுகள் மெல்ல மெல்லப் பிடித்துக்கொள்ளும். கோயில் கமிட்டியை ஒரே பங்காளி வகையறா பிடித்துக்கொள்கிற மாதிரி. மன்னியுங்கள், ஒப்பிட்டுவிட்டேன். வெளியே பார்க்க எல்லாம் நன்றாகவே நடக்கும். திருவிழா நடக்கும், ரத்தமும் ஓடும்.

ஒன்றரை வருடமான கோழியை வயசாகிவிட்டது என்று கறிக்கு லாரி ஏற்றுகிற ராமசாமிக்குத் தன் வயதுக் கணக்கு மட்டும் ஞாபகம் வரவில்லை. ஸ்டெம் செல்களை எலும்பிலிருந்து ரத்தத்துக்கு இறங்கி வரச் செய்கிற ஊசியை நாள் தவறாமல் போட்டோம். பிறகு ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, வேண்டியதைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை இன்னொரு கையில் திருப்பி விடுகிற இயந்திரத்தில் அவரைப் படுக்க வைத்தோம். நான் பையிலிருந்து துளி எடுத்து லேசர் இயந்திரத்தில் ஓட்டினேன். திரையில் ஸ்டெம் செல்கள் ஒரு மூலையில் புள்ளிகளாக விழும். கேழ்வரகைச் சிந்தியது போல விழ வேண்டும். விழுந்தது, வீட்டுக்குள் எறும்பு வந்தது போல அங்கொன்றும் இங்கொன்றும். மறுநாளும் எடுத்தோம், அதே எறும்புதான். வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பிய மரபணுப் பரிசோதனையும் வந்து சேர்ந்தது. அவருடைய ரத்தத்தில் பெரும் பங்கு ஒரே செல்லின் வாரிசு. டாக்டர் அந்தப் பையைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"இத்தன நாள் போயிடுச்சு" என்றார்.  "ம்" கூட இல்லை.

ராமசாமியே வாழப்பாடிக்குப் போன் போட்டார். என் காதுபடத்தான் பேசினார். "டாக்டரு உன்னைய வரச் சொல்றாங்க" என்றார். கேட்கவில்லை, சொன்னார்.

அன்று மத்தியானமே சரசு வந்துவிட்டார். புருஷன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு பைக்கில் கொண்டுவந்து விட்டிருந்தார். கட்டிக்கொடுத்த பிள்ளையிடம் போய் நிற்பதா என்று ராமசாமி பேசியதெல்லாம் என்னவென்று எனக்கு அப்போது புரிந்தது. அந்த மனிதர் வாசலில் நின்று என்னிடம், "இத மொதல்லயே கேட்டிருக்கக் கூடாதுங்களா? இவ தூங்கி எத்தன நாளாச்சு தெரியுங்களா?" என்றார். நான் ஏதோ தமாஷ் சொல்ல வாயைத் திறந்து, நல்லவேளை மூடிக்கொண்டேன்.

டாக்டர் சரசுவைத் தனியாக உட்கார வைத்துச் சம்மதம் கேட்டார். சரசு, "எங்க கையெழுத்துப் போடோணுமுங்க?" என்று மட்டும் கேட்டாராம்.

அவருக்கும் நாள் தவறாமல் அந்த ஊசியைப் போட்டு முடித்து, இயந்திரத்தில் அவர் படுத்திருந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். இரண்டு கையும் அசையக் கூடாது. மூக்கு அரிக்கிறது என்றார். பஞ்சால் தடவிவிட்டேன். குழாய் வழியாகச் சுற்றி வருகிற தன் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இது எப்பருந்து எனக்குள்ள இருக்குதுங்க?"

கோழி இல்லாமல் சொல்ல வேண்டுமே என்று யோசித்து நிதானமாகச் சொன்னேன். "நீங்க உங்கம்மா வயித்துல விரல் நீளத்துக்கும் கொறவா இருந்தப்பவேங்க. பெரிய ரத்தக் குழாயோட சுவருலதான் மொத மொதல்ல உண்டாகும். அங்கிருந்து ஈரலுக்குப் போயிக் கொஞ்ச காலம் பெருகும். நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே எலும்புக்குள்ள வந்து குடியேறிரும். அப்பறம் சாகற வரைக்கும் அங்கதான்."

"தங்கவேல் அண்ணனுக்கும் அங்கயேதானுங்களா? எங்கம்மா வயித்துல?"

"ஆமாங்க. அதே எடத்துலதான்."

 "அண்ணன் ஒடம்புல எந்த எடத்துலங்க வெப்பீங்க?"

"எங்கயும் வெக்கறதில்லீங்க. கை நரம்புல ஏத்தி உட்ருவோம். அதுவாவே வழி கண்டுபுடிச்சு எலும்புக்குப் போயிரும்."

"யாரும் சொல்லாமயேவா?"

"யாரும் சொல்லாமயேதான்."

சரசு சிரித்தார். நான் பார்த்த ஒரே சிரிப்பு அதுதான். "பரவால்லயே" என்றார்.

பை தக்காளி ரசம் போலச் சிவப்பாக நிறைந்தது. திரையில் புள்ளிகள் கேழ்வரகு மூட்டையே அவிழ்ந்தாற்போலக் கொட்டின. டாக்டர் எட்டிப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றார். "ம்" இல்லை, முழு வார்த்தை. நான் நாற்காலியிலேயே ஒரு சுற்றுச் சுற்றினேன்.

பையை ஏற்றுவதற்கு முன் தங்கவேலுக்குக் கடைசி மஜ்ஜைச் சோதனை அன்று பிற்பகல்தான். உள்ளங்கையை வைத்தார் டாக்டர். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். "பசிக்கலீங்க" என்றார் தங்கவேல். பிறகு டாக்டருக்குக் கேட்காதபடி என் பக்கம் திரும்பி, "அவள அன்னிக்கே கேக்கோணும்னு இருந்துச்சுங்க. அண்ணன் ஒக்காந்திருக்கறப்ப எப்படிங்க வாயத் தொறக்கறது?" என்றார். சுவரின் அந்தப் பக்கம்தான் அவருடைய தங்கை படுத்திருந்தார்.

"இப்ப வலிக்கும். மூணு எண்றதுக்குள்ள" என்று டாக்டர் ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஊசியில் எதுவும் வரவில்லை. நான்கு. ஐந்து. தங்கவேல் கட்டிலைப் பிடித்த விரல்கள் வெளுத்துவிட்டன. டாக்டர் எண்ணுவதை நிறுத்தினார். அவர் சொன்ன மூன்று பொய்யானதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். மஜ்ஜைக்குள் வேண்டாதவை நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டால் உறிஞ்சினாலும் வராது. ஊசியைக் கொஞ்சம் மாற்றிக் குத்திய பிறகு ஒரு சொட்டு வந்தது. ஸ்லைடைச் சாய்த்தேன். குருணை இல்லை. வந்ததைப் பரத்தி, சாயம் போட்டு, காய்ந்ததும் டாக்டரின் மேஜைக்குக் கொண்டுபோனேன். அவர் நெடுநேரம் பார்த்தார். திரும்பத் திரும்ப அதே ஒரே முகம், பெரிய பெரிய செல்கள். நோய் திரும்பிவிட்டது.

நோய் கொதிக்கிறபோது புதிய செல்லை வைக்க முடியாது. மறுபடி அடக்க வேண்டும். சரசுவின் பையை உறைய வைத்தோம். உறையும்போது செல் வெடிக்காமல் இருக்க ஒரு மருந்தைக் கலப்போம். அது பூண்டு வாசம் அடிக்கும். அந்த வாசத்தோடு அதைத் திரவ நைட்ரஜன் தொட்டிக்குள் இறக்கினேன். தங்கவேலுக்கு மறுபடி மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் வந்தது. அது நுரையீரலுக்குப் போனது. பை தொட்டிக்குள் இருக்க, அவர் போய்விட்டார்.

பிணவறை வாசலில் ராமசாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். உண்மையான அழுகைதான். அழுதுகொண்டே சொந்தக்காரர்களிடம் சொன்னார்: "அவ குடுத்தா, இவன் போயிட்டான். நான் மொதல்லயே சொன்னன்."

"ஐயா, அது உள்ள ஏத்தவே இல்லீங்க. இன்னும் எங்க தொட்டிலதான் இருக்குது" என்றேன். டாக்டரும் வந்து சொன்னார். இரண்டு முறை சொன்னார். சொந்தக்காரர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். சரசு தள்ளி, ஆம்புலன்ஸின் பின்சக்கரம் பக்கம் நின்றிருந்தார். அவருக்கும் அது கேட்டது.

ராமசாமி ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்க்க வந்துகொண்டிருந்தார். அந்த ஒற்றைச் செல்லின் வாரிசு என்றைக்கு வேண்டுமானாலும் முரண்டு பிடிக்கலாம் என்று டாக்டர் வரச் சொல்லியிருந்தார். அது முரண்டு பிடிக்கவே இல்லை. குத்துக்கல்லாட்டமே இருந்தார். "நல்லா இருக்கறீங்களா, சாமி?" என்று என்னைக் கேட்பார். அவர் கையில் ஊசி குத்துவேன். கை நடுங்காமல் குத்தியதற்கு எனக்கு யாராவது விருது கொடுத்திருக்கலாம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் பழைய தொட்டியை மாற்ற வேண்டி வந்தது. பெற வேண்டியவர் இறந்துபோன பைகளை அழித்துவிட முடிவு செய்தார்கள். கொடுத்தவர் சம்மதம் வேண்டும் என்றார்கள். அது விதி. சரசுவின் செல்போன் எண் இப்போதும் கோப்பில் இல்லை. டாக்டர் சுகந்தி அதற்கு முன்பே வேறு ஊருக்குப் போயிருந்தார். "உங்க ஊடு அந்தப் பக்கம்தானே?" என்றார் நிர்வாகத்தில் ஒருவர். இந்த முறை யாரும் தலையாட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை.

வாழப்பாடி மார்க்கெட்டைத் தாண்டி விசாரித்துப் போனேன். சரசு வாசலில் மரவள்ளிக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. அடையாளம் தெரிந்து எழுந்தார். "வாங்க. ஒக்காருங்க. டீ வெக்கட்டுங்களா?"

 வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் பழைய புத்தியில் உளற ஆரம்பித்தேன். நமக்கெல்லாம் வயசாகிவிட்டது, தொட்டிக்குள் இருக்கிற செல்லுக்கு மட்டும் வயசே ஆகவில்லை, எடுத்த அன்றைக்கு எப்படி இருந்ததோ இன்னும் அப்படியே இருக்கிறது, நான் ஓய்வு பெற்றதும் அதற்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளலாமா என்று பார்க்கிறேன், முடி மட்டும் திரும்ப வராது என்கிறார்கள். அவர் சிரிக்கவில்லை. கத்தியைக் கிழங்கின் மேல் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு என் தோள்பையிலிருந்து காகிதத்தை எடுத்து, இப்படி இப்படி, உங்களைக் கேட்காமல் கொட்டக் கூடாது, அதனால்தான் நானே நேரில் வந்தேன் என்றேன்.

காகிதத்தை வாங்கினார். கையில் ஒட்டியிருந்த கிழங்குப் பாலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். திருப்பி நீட்டும்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"கொட்டறதுக்கு மட்டும் ஊடு தேடி வாறீங்களாக்கும்."